ஊறினால் மாற்றுவாள்

போன மாதம், மன்னாரில் நானாட்டான் பக்கத்தில் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் ஒரு குடும்பநல உத்தியோகத்தர் எனக்குத் தொலைபேசி எடுத்தாள். அதே உத்தியோகத்தில் இருந்து நான் ஓய்வு பெற்ற பிறகு இப்படியான அழைப்புகள் எனக்கு வழக்கம். தடுப்பூசிக்குப் பிள்ளையைக் கொண்டுவர மறுக்கிற தகப்பனை எப்படி வழிக்குக் கொண்டுவருவது, பால் சுரக்கவில்லை என்று அழுகிற தாயிடம் என்ன கதைப்பது என்றெல்லாம் இளம்பிள்ளைகள் கேட்பார்கள். இவள் கேட்டது வேறு.

"தவமணி அன்ரி, ஒரு அம்மா துணி நாப்பிக்கு உள்ளுக்கு வைக்கிற பூஸ்டர் எதை வாங்கிறது எண்டு கேக்கிறா. மூங்கில் நார் எண்டும் மைக்ரோஃபைபர் எண்டும் போனில கன சாமான் காட்டுறாங்கள். எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. படிப்பிலயும் இது இல்லை. இதெல்லாம் எங்கட வேலையோ?"

அந்தக் கடைசிக் கேள்வியில்தான் எனக்குக் கோபம் வந்தது. அவள்மேல் அல்ல. அதே கேள்வியை என் உத்தியோக காலம் முழுக்கக் கேட்டிருக்கிறேன். கந்தோரில் அதிகாரிகள் கேட்டார்கள், பள்ளிக்கூடத்தில் கேட்டார்கள், வெளிநாட்டுக் காசில் வந்து இறங்கிய நிறுவனங்களின் ஆட்கள் சிரித்துக்கொண்டே கேட்டார்கள். பிள்ளையின் மூத்திரத் துணி ஒரு உத்தியோகத்தரின் வேலையா என்று. ஓம், அது என்னுடைய வேலைதான். நான் அதைச் செய்தேன். எப்படிச் செய்தீர்கள் என்று எழுதித் தாருங்கள் என்றாள் அந்தப் பிள்ளை. எழுதுகிறேன். முகம் சுளிக்கிறவர்கள் இந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பொம்மையை வைத்துப் பிரசவம் பார்க்கப் பழகினோம், ஷெல் சத்தம் கேட்டால் மேசைக்குக் கீழே படுத்தோம், சோதனை எழுதி வெளியே வந்தோம். பிறகு வந்த வருடங்களில் சனம் ஓடிய திசையில் நானும் ஓடி, மரத்தடியிலும் பள்ளிக்கூட வகுப்பறையிலும் பிள்ளைகளை ஏந்தினேன். அதை வேறொரு நாள் வேறு யாராவது எழுதட்டும். நான் சொல்ல வந்தது சண்டை முடிந்து, முகாம்கள் திறந்து, சனம் தங்கள் ஊருக்குத் திரும்பிய காலத்தை.

எனக்குத் தந்த பிரிவு அடம்பனுக்கும் பாப்பாமோட்டைக்கும் இடையில். கண்ணிவெடி எடுத்த காணி, எடுக்காத காணி என்று கயிறு கட்டிப் பிரித்திருந்தார்கள். வீடுகள் என்று சொல்ல நாலு கம்பும் தறப்பாளும். தறப்பாள் என்றால் நிவாரணத்தில் கிடைக்கும் தடித்த பிளாஸ்டிக் விரிப்பு. அதுதான் கூரை, அதுதான் சுவர், மழை பெய்தால் அதுதான் தண்ணீர்த் தொட்டி. அந்தக் கொட்டில்களில் பிள்ளைகள் பிறந்தன. ஒன்று இரண்டல்ல, அடுக்கடுக்காகப் பிறந்தன. சனம் பிழைத்துவிட்டது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

திரும்பி வந்த சனத்திடம் என்னென்ன இல்லை என்று கந்தோர்கள் எல்லாம் கணக்கெடுத்தன. வீடு, கிணறு, மாடு, உழவு இயந்திரம், விதைநெல். ஒருவரும் பழைய துணியைக் கணக்கெடுக்கவில்லை. எங்கள் பக்கத்தில் பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி கட்டுவதில்லை. வருடக்கணக்காகத் தோய்த்துத் தோய்த்து மெத்தென்று ஆன வேட்டியையும் நூல்சேலையையும் கிழித்துத்தான் கட்டுவோம். அது தோலை உரசாது, ஈரத்தையும் உடனே குடிக்கும். ஊரிலிருந்து ஊருக்கு ஓடி, கடைசியில் கட்டிய துணியோடு முகாமுக்குள் போன சனத்திடம் பழைய துணி எங்கே இருக்கும்? கிடைத்ததெல்லாம் நிவாரணத்தில் வந்த பளபளப்பான நைலோன் சேலை. அதில் தண்ணீரை ஊற்றினால் அது உங்களைத் திரும்பிப் பார்க்கும்.

கடை நாப்பி கொண்டுவந்து கொடுத்த நிறுவனமும் உண்டு. பெட்டி பெட்டியாக இறக்கினார்கள், தாய்மாரை வரிசையில் நிறுத்திப் படம் எடுத்தார்கள், போய்விட்டார்கள். பெட்டி முடிந்தது. பாவித்ததை எரிக்கவும் முடியவில்லை, புதைக்கவும் முடியவில்லை; நாய்கள் ஊர் முழுக்க இழுத்துத் திரிந்தன. இதை நான் கூட்டத்தில் எழும்பிச் சொன்னபோது, நன்றி கெட்டவள் என்ற மாதிரி என்னைப் பார்த்தார்கள். பார்க்கட்டும். தாய்மார் மறுபடியும் என்னிடம்தான் வந்தார்கள்.

நான் போனது நஸீமா மிஸ்ஸிடம். எனக்கு மேலே இருந்த தாதியச் சகோதரி அவர். மன்னார்த் தீவைச் சேர்ந்த முஸ்லிம் பெண். தொண்ணூறில் எங்கள் இயக்கத்து ஆட்களின் துவக்குமுனையில் தீவை விட்டு வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலில் மூன்று பிள்ளைகளை வளர்த்து, இப்போது திரும்பி வந்திருந்தார். அதைப் பற்றி அவர் கதைத்து நான் கேட்டதில்லை. நாங்கள் அவரிடம் கேட்கவும் வெட்கப்பட்டோம்.

அவருடைய வேலை முறையைச் சொல்லவேண்டும். ஒரு வீட்டுக்குப் போனால் உத்தியோகத்தருக்கென்று எடுத்துப் போடும் கதிரையில் இருக்கமாட்டார். மணிக்கூட்டைக் கழற்றிப் பையில் வைப்பார், கையைக் கழுவுவார், பாயில் இருந்து பிள்ளையை மடியில் வாங்குவார். பிள்ளையைப் பார்த்து முடிக்கும்வரை தாயோடு ஒரு சொல் கதையார். "நல்லாச் செய்திருக்கிறீங்க" என்று அவர் என்னைச் சொன்னதே இல்லை. செய்ததில் பிழை இல்லையென்றால் "அடுத்த வீடு" என்பார். அதுதான் பாராட்டு.

பழைய துணி இல்லாத கதையைச் சொன்னேன். அடுத்த கிழமை, ஒரு உரப்பை நிறைய, ஆண்கள் இடுப்பில் கட்டும் நூல் சாரங்கள் கொண்டுவந்தார். தீவில் தன்னுடைய சொந்தக்காரர் வீடுகளில் சேர்த்தவை. மூட்டையை அவிழ்த்தபோது தாய்மார் சற்றே தயங்கினார்கள். ஒருத்தி வாய்விட்டுக் கேட்டே விட்டாள்.

"மிஸ், குறை நினைக்காதேங்கோ. செத்தவீட்டுத் துணி ஏதும் இருக்குதோ?"

"இல்ல மகள். எல்லாம் உசிரோட இருக்கிறவங்கட சாரம்தான். இந்தா, இந்தக் கட்டம் போட்டது என்ட வீட்டுக்காரர்ட. அவர் இன்னும் அலுமாரிக்குள்ள தேடிக்கொண்டிருக்கிறார்."

தாய்மார் சிரித்துவிட்டார்கள். மூட்டை அரைவாசி அப்போதே தீர்ந்தது.

சாரம் மட்டும் போதாது. அது வேகமாகக் குடிக்கும், ஆனால் மெல்லியது, கனக்கக் கொள்ளாது. அதனால்தான் நடுவில் வைக்கும் கூடுதல் மடிப்பு தேவைப்பட்டது. இப்போதைய பிள்ளைகள் பூஸ்டர் என்கிறார்கள். நாங்கள் நாக்கு என்றோம், நீளமாக அப்படித்தான் இருக்கும். எந்தத் துணியில் நாக்குத் தைப்பது என்று பார்க்க நஸீமா மிஸ் ஒரு தம்ளரும் கரண்டியும் பழைய பத்திரிகைத் தாளும் பையில் கொண்டு திரிவார். முதலில் துணியைத் தோய்த்துக் காயவைக்கவேண்டும். புதுத்துணியில் கடைக்காரன் போட்ட பசை இருக்கும், அதோடு பார்த்தால் ஏமாறுவோம். பிறகு ஒரு கரண்டித் தண்ணீரை மேலே விடுவார். நின்று யோசிக்கிற துணி வேண்டாம். உடனே குடித்தால் மடித்துத் தம்ளர்த் தண்ணீரையும் ஊற்றி, கீழே தாளை வைத்து, உள்ளங்கையால் அழுத்துவார். பிள்ளை இருக்கிற கனத்தில் அழுத்தவேண்டும். உடம்பு துடைக்கும் துவாய் வேகமாகக் குடித்தது, அழுத்தினால் குடித்ததில் பாதியைத் தாளில் துப்பியது. பிளனல் துணி சோம்பேறி, மெல்லத்தான் குடிக்கும், ஆனால் குடித்ததை விடாது. ஆகவே மேலே சாரம், கீழே பிளனல். துவாயைத்தான் வைக்கவேண்டிவந்தால் இரண்டுக்கும் நடுவில்.

எல்லோரையும் ஆச்சரியப்படுத்தியது நிவாரணப் போர்வை. மன்னார் வெயிலில் யாருக்குக் கம்பளி மாதிரிப் போர்வை? சனம் அதை மாட்டுக்கு விரித்தது. மிஸ் அதில் ஒரு துண்டை வெட்டி எல்லாவற்றுக்கும் மேலே வைத்துத் தண்ணீரை ஊற்றி அழுத்தினார். தண்ணீர் அதனூடாகக் கீழே போனது, போர்வைத் துண்டு தொட்டுப் பார்க்கக் காய்ந்த மாதிரி இருந்தது. பிள்ளையின் தோலில் படுகிற பக்கத்துக்கு அதை வைத்தோம். கொண்டுவந்து தந்தவர்கள் என்ன நினைத்துத் தந்தார்களோ தெரியாது. எங்களுக்கு அது இந்த வகையில் உதவியது.

நாக்கை நாப்பியோடு நாலு பக்கமும் சேர்த்துத் தைக்கக்கூடாது, ஒரு நுனியில் மட்டும் தைக்கவேண்டும். அப்போதுதான் கொடியில் போடும்போது விரிந்து தொங்கிக் காயும். ஆண்பிள்ளைக்கு மடிப்பின் தடிப்பு முன்னுக்கு, பெண்பிள்ளைக்கு நடுவில், இருக்கத் தொடங்கிய பிள்ளைக்குச் சற்றுப் பின்னுக்கு. பிறந்த பிள்ளைக்குத் தடித்த நாக்கு வேண்டவே வேண்டாம், ஒரு சாரத் துண்டு காணும். தடிப்பை வைத்துத் தொடையை அகட்டுவதைவிட அடிக்கடி மாற்றுவது நல்லது. மூங்கிலோ மைக்ரோஃபைபரோ, இன்று போனில் எதைக் காட்டினாலும் இதே கரண்டியும் தம்ளரும் உள்ளங்கையும்தான். அந்த அம்மாவுக்குச் சொல்லவேண்டிய பதில் இவ்வளவும்தான்.

ஆனால் இதை எழுத உட்கார்ந்தது தர்சிகாவுக்காக.

அவளுக்கு அப்போது எட்டு வயது. தகப்பன் கடைசிச் சண்டையில் போய்விட்டார். அதே நாட்களில் ஒரு ஷெல் துண்டு அவளுடைய முள்ளந்தண்டின் கீழ்ப்பகுதியில் பட்டது. கால் சற்று இழுத்தாலும் நடப்பாள். மூத்திரம் போவதுதான் அவளுக்குத் தெரியாது. தாய் செல்வராணி எனக்கு அவளைக் காட்டவே இல்லை. அந்தப் பக்கம் நான் போனது பக்கத்துக் கொட்டிலில் பிறந்த குழந்தையைப் பார்க்க. செல்வராணியின் கொடியில் பெரிய அளவில் நாப்பித் துணி காய்ந்தது. யாருக்கு என்று கேட்டேன்.

செல்வராணி முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள். பிறகு உள்ளே கூட்டிப்போனாள். பள்ளிக்கூடச் சட்டையோடு அந்தப் பிள்ளை பாயில் இருந்து கணக்குச் செய்துகொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் நடக்கிற நேரம் அது.

"வகுப்பில பிள்ளையள் இருக்கிற வாங்கு நனைஞ்சு போச்சுது எண்டு திருப்பி அனுப்பிப்போட்டினம் மிஸி. பள்ளிக்கூடத்து அதிபர் சொன்னவராம், சுகமான பிறகு வரட்டாம். அவள் ஒவ்வொரு நாளும் வெளிக்கிட்டுப்போட்டு இருக்கிறாள். நான் கழட்டச் சொன்னாலும் கழட்டிறாள் இல்லை."

அன்றே கந்தோருக்குப் போனேன். அங்கே சொன்னபோது, "ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளை உங்கட பொறுப்பில் வராது" என்றார் ஒருவர். வயதைப் பார்த்தா ஈரம் சுடுகிறது? அவரிடம் அப்படியே கேட்டேன்.

செல்வராணி கைக்காரி. தானாகவே ஒரு நாப்பி தைத்திருந்தாள். வெளிப்பக்கம் தறப்பாள் துண்டு. "மழையையே தாங்கினது மிஸி, இதைத் தாங்காதோ" என்றாள். தறப்பாள் தாங்கியது உண்மைதான். ஈரத்தையும் விடவில்லை, காற்றையும் விடவில்லை. அந்த வெயிலுக்குப் பிள்ளையின் தொடையிடுக்கு அவிந்து சிவந்து கிடந்தது. தறப்பாளைப் பிரித்தெடுத்து, உடைந்த குடையின் துணியைத் தைத்தோம். உள்ளே சாரமும் பிளனலும் வைத்து மற்றப் பிள்ளைகளுடையதைவிட இரட்டிப்புத் தடிப்பில் நாக்குத் தைத்துக் கொடுத்தேன். கையால் அழுத்திப் பார்த்தேன், ஒரு சொட்டு வரவில்லை. ஒரு கிழமை வீட்டில் கட்டிப் பழகிய பிறகு பள்ளிக்கூடத்துக்கு நானே கூட்டிப் போய் விட்டேன்.

இடைவேளைக்கு முன்னரே வாங்கு நனைந்தது. பக்கத்தில் இருந்த பிள்ளையின் சட்டையும் நனைந்தது. அன்று வீட்டுக்கு வந்த தர்சிகா சட்டையைத் தானே கழற்றி மடித்து வைத்தாள் என்று செல்வராணி சொன்னபோது, இதோடு அவள் படிப்பு முடிந்துவிடும் என்று எனக்குப் பயம் வந்தது. இன்னொரு முறை அனுப்பி இன்னொரு முறை நனைந்தால், அனுப்ப அந்தத் தாய்க்கும் தெம்பு இராது, போக அந்தப் பிள்ளைக்கும் மனம் இராது.

நஸீமா மிஸ்ஸைக் கூட்டிவந்தேன். அவர் மணிக்கூட்டைக் கழற்றி வைத்துவிட்டு, தோய்த்துக் காய்ந்து கிடந்த நாக்குகளில் ஒன்றை எடுத்தார். ஒரு கரண்டித் தண்ணீர் விட்டார். தண்ணீர் சேம்பிலையில் உருளுவதுபோல் உருண்டு பாயில் விழுந்தது. அதே துணி நான் தைத்துக் கொடுத்த அன்று தம்ளர்த் தண்ணீரைக் குடித்த துணி. மிஸ் அதை மூக்குக்குக் கிட்டப் பிடித்தார்.

"மகள், பிள்ளைக்கு என்ன பூசுறீங்க?"

"தேங்காய் எண்ணெய் மிஸ். தோல் அவிஞ்சு போச்செல்லோ. துணி கட்டமுதல் நல்லாப் பூசித்தான் அனுப்புறனான்."

எங்கள் சனத்தின் கை அப்படி. பிறந்த நாள் தொட்டுப் பிள்ளைக்கு எண்ணெய் பூசித்தான் வளர்ப்போம். உச்சிக்கு எண்ணெய், உள்ளங்காலுக்கு எண்ணெய், சுட்டாலும் எண்ணெய், சிவந்தாலும் எண்ணெய். அந்த எண்ணெய் துணியில் இறங்கி, இழைக்கு இழை பூசிக்கொண்டு, பிறகு தண்ணீரை அண்டவிடாது. அதன்மேல் சவர்த்தண்ணீர்த் தோய்ப்பு. எங்கள் கிணற்றில் சவுக்காரம் நுரைக்காது, துணியிலேயே படிந்து நிற்கும். தறப்பாளால் தோல் அவிந்தது, தோல் அவிந்ததால் எண்ணெய் வந்தது, எண்ணெயால் வாங்கு நனைந்தது. இதில் செல்வராணி செய்த ஒவ்வொன்றும் பிள்ளைமேல் இருந்த பாசத்தால் செய்தது. அவளில் யாரும் பிழை சொல்ல வரவேண்டாம். வந்தால் முதலில் என்னைத் தாண்டிப் போகட்டும்.

வாய்க்காலில் இருந்து நல்ல தண்ணீர் அள்ளி, பானையில் சலவைச் சோடாவோடு துணிகளை அவித்தோம். மேலே படை படையாக மிதந்தது. வடித்தோம், மறுபடி அவித்தோம், நுரை போகும்வரை அலசினோம். காய்ந்த பிறகு கரண்டித் தண்ணீர் விட்டால் விழ முதலே குடித்தது. எண்ணெயை இரவில் மட்டும் பூசும்படியும், பூசிய பிறகு நாக்கு இல்லாத சாரத்துண்டைக் கட்டும்படியும் மிஸ் சொன்னார். மேலே போர்வைத் துண்டு வைத்ததில் தோலும் ஆறியது. பள்ளிக்கூடத்து வாங்கு மாதிரி ஒரு பலகையை வைத்து, தர்சிகாவை அதில் இருத்திப் படிக்கவிட்டோம். விடியத் தேத்தண்ணி குடித்துவிட்டு இருந்தவளை, வெயில் நன்றாக ஏறிய பிறகு எழுப்பிப் பார்த்தால் பலகை காய்ந்திருந்தது.

"அடுத்த வீடு" என்று சொல்வார் என்று பார்த்தேன். மிஸ் சொல்லவில்லை.

"மத்தியானம் வரைக்கும் கொள்ளாது தவமணி. இடையில ஒருக்கா மாத்தவேணும். பள்ளிக்கூடத்தில எங்க மாத்துறது?"

செல்வராணி கையைப் பிசைந்தாள். "மாத்தப் போனா எல்லாருக்கும் தெரிஞ்சிடும் மிஸ். பொம்பிளைப் பிள்ளை. இன்னும் தடிப்பாத் தைச்சுத் தாங்கோ. பள்ளிக்கூடம் விடுற மட்டும் தாங்கினால் ஒருத்தருக்கும் தெரியாமப் போயிடும்."

அவளுக்கு வேண்டியது அதுதான். நானும் அதைத்தான் செய்யப் பார்த்தேன். மிஸ் பிள்ளையைப் பார்த்தார்.

"இதைவிடத் தடிப்பா வச்சா நடக்கவே ஏலாது. ஒளிச்சு வைக்கத் துணியால ஏலாது மகள். ஈரத்தைத்தான் அது பிடிக்கும்."

தர்சிகா பென்சிலைக் கடித்துக்கொண்டு மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

நாங்கள் அதிபரிடம் போனோம். அவர் கெட்டவர் அல்ல. தகரக் கொட்டகைக்குள் ஐந்து வகுப்பு வைத்து நடத்திக்கொண்டிருந்த மனிதர், ஆசிரியர்கள் பாதிப்பேர் வரவில்லை. கதிரை எடுத்துப் போட்டார். அன்று மட்டும் மிஸ் அதில் இருந்தார்.

"மிஸ், நான் கல்நெஞ்சுக்காரன் இல்லை. ஒரு வாங்கில மூண்டு பிள்ளையள். பக்கத்துப் பிள்ளையிட சட்டை நனைஞ்சா அந்தத் தாய் என்னட்டைத்தான் வந்து நிக்கிறா. பிள்ளைக்குச் சுகமாகட்டும், அதுக்குப் பிறகு அனுப்பச் சொல்லுங்கோ. நான் ஏதும் மறுத்தனானோ?"

"சேர், சுகம் வராது" என்றேன். "அது முள்ளந்தண்டில பட்ட காயம். அவ இப்பிடித்தான் வளரப்போறா. இப்பிடியேதான் படிக்கவும் வேணும்."

"அப்ப இனி ஒருநாளும் வாங்கு நனையாது எண்டு நீங்கள் பொறுப்பெடுத்துச் சொல்லுங்கோ. நான் நாளைக்கே இருத்திறன்."

பலகையில் செய்த பரீட்சை என் கண்ணுக்குள் நின்றது. சொல்லிவிட வாயைத் திறந்தேன். மிஸ் என் முழங்கையைப் பிடித்தார்.

"சொல்லமாட்டம் சேர்" என்றார், குரல் உயராமல். "நனையாத துணி எண்டு ஒண்டு இல்ல. கொள்ளுற மட்டும் கொள்ளும். பிறகு ஊறும். ஊறினா அவ எழும்பிப் போய் மாத்திக்கொண்டு வருவா. அதுக்கு உங்கட கக்கூசுக்கு உள்ளால பூட்டக்கூடிய ஒரு கதவு வேணும். அவ எழும்பினா விடவேணும். இந்த ரெண்டையும் நீங்க தாங்க. துணியை நாங்க பாக்கிறம்."

"பாடம் நடக்கேக்க நினைச்ச நேரம் பிள்ளையள் எழும்பிப் போறதை நான் விடுறதில்லை மிஸ்."

"தெரியும். இவவை விடுங்க."

அவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பாப்பம்" என்றார் கடைசியில். எங்கள் ஊரில் பாப்பம் என்றால் ஓமும் இல்லை, இல்லையும் இல்லை. வெளியே வந்ததும் நான் மிஸ்ஸோடு சண்டைக்குக் கொளுவினேன். ஒரு பொய்தானே, சொல்லியிருந்தால் பிள்ளை நாளைக்கே வாங்கில் இருந்திருக்குமே என்றேன். அவர் நடையை நிறுத்தினார்.

"சொல்லி, ஒரு நாள் நனைஞ்சா? நீங்க குடுத்த வாக்கைத் தூக்கிக்கொண்டு அந்தப் பிள்ளை எழும்பி வீட்ட போகவேணும். அவட குண்டியில நாங்க வாக்குக் குடுக்க ஏலாது தவமணி."



இரண்டு நாள் கழித்து ஒரு பிள்ளையிடம் அதிபர் சொல்லிவிட்டிருந்தார், வரட்டும் என்று. கக்கூசுக் கதவுக்கு யார் கொளுக்கி போட்டது என்று நான் கேட்டதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. ஆணிகள் வளைந்து கிடந்தன. தச்சன் அடித்த வேலையாகத் தெரியவில்லை. தர்சிகா பைக்குள் மாற்றுத் துணியோடு போனாள். இடைவேளை மணி அடித்ததும், எல்லோரும் தண்ணீர்க் குழாயடிக்கு ஓடுகிற அமளியில், ஒளித்து ஒளித்துப் போய் மாற்றிக்கொண்டாள். ஒருத்தருக்கும் தெரியாதென்று செல்வராணி ஆறுதல்பட்டாள். எனக்கு அந்த ஆறுதலில் நம்பிக்கை இருக்கவில்லை. மழைக்காலம் வந்தால் என்ன செய்வாள், தடிமன் பிடித்து இருமினால் என்ன செய்வாள்?

இந்தக் கதையை நான் எங்கே சொன்னாலும், அந்தப் பிள்ளை பிறகு என்னவானாள் என்று கேட்கிறார்கள். டொக்டரானாளா, ரீச்சரானாளா, பட்டம் எடுத்தாளா? நான் சொல்வதில்லை. இங்கேயும் சொல்லமாட்டேன். வாங்கில் இருக்க விட்டதற்கு ஒரு பிள்ளை பெரியாளாகிக் கைம்மாறு காட்டவேண்டும் என்று எங்கே இருக்கிறது? ஒன்றும் ஆகாவிட்டாலும் அந்த வாங்கு அவளுடையதுதான். நான் சொல்லக்கூடியது என் கண்ணால் கண்டதை.

மாரியில் ஒரு நாள். பள்ளிக்கூடத்தில் வைத்தியப் பரிசோதனை. டொக்டருக்கு உதவியாகப் போயிருந்தேன். பிள்ளைகளின் நிறையைப் பார்த்துவிட்டு விறாந்தையில் நின்றேன், அதிபர் பக்கத்தில் நின்றார். உள்ளே தர்சிகாவின் வகுப்பில் ஆசிரியை கரும்பலகையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். இடைவேளைக்கு இன்னும் நேரம் கிடந்தது. இரண்டாம் வாங்கில் நடுவில் இருந்த தர்சிகா கையைப் பின்னால் கொண்டுபோய்த் தொட்டுப் பார்ப்பது தெரிந்தது. மழைக்குளிரில் மூத்திரம் கூடி, துணி ஊறிவிட்டது. இனி அழுவாள் என்று நினைத்தேன். உள்ளே போய்க் கூட்டிவரக் காலை எடுத்து வைத்தேன்.

அவள் எழும்பி நின்றாள்.

"ரீச்சர், எனக்குத் துணி மாத்தவேணும். மாத்திப்போட்டு வாறன்."

போகட்டுமா என்று அவள் கேட்கவில்லை. ஒரு பெடியன் சிரித்தான், வேறு யாரும் சேர்ந்து சிரிக்காததால் நிறுத்திக்கொண்டான். ஆசிரியை வெண்கட்டியோடு அதிபரைப் பார்த்தார். அதிபர் முற்றத்து மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார். தர்சிகா பையை எடுத்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்து, எங்கள் இரண்டு பேரையும் கடந்து, அந்த ஈரமணலில் எல்லோருக்கும் முன்னால் நடந்து போனாள். கொளுக்கி விழுகிற சத்தம் கேட்டது.

திரும்பி வந்தபோது வாங்கில் இருந்த மற்ற இரண்டு பிள்ளைகளும் நன்றாகப் பரவி இருந்துவிட்டார்கள். ஆசிரியை, பின்னுக்குப் போய்த் தனியாக இருக்கும்படி கையைக் காட்டினார். தர்சிகா போகவில்லை. பையிலிருந்து காய்ந்த துணி ஒன்றை எடுத்து, வாங்கில் தான் இருந்த இடத்தைத் துடைத்தாள்.

"அரக்கி இருங்கோ" என்றாள். "இது என்ட இடம்."

அவர்கள் அரக்கி இடம் விட்டார்கள்.